கொட்டிலில் கிடந்த என்ஜின்

கடலோரத்து வீடுகளில் வாழும் பெண்களிடம் ஒரு தனித் திறமை உண்டு. தோணி கண்ணுக்குத் தெரியும் முன்பே, என்ஜின் சத்தத்தைக் கேட்டு அது யாருடைய தோணி என்று சொல்லிவிடுவார்கள். அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டே, "உங்கட மச்சான் வாறார், தண்ணி வையுங்க" என்பார்கள். ஐந்து நிமிடத்தில் அவர் வந்து நிற்பார். என்ஜின் சத்தத்தில் சிறு மாறுதல் இருந்தாலும் அவர்கள் காதுக்குத் தப்பாது. ஆனால் அந்த என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டியவர்கள் மிகக் குறைவு. அது ஆண்களின் காரியம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

நான் கடற்கரையில் பிறந்தவன் அல்லன். வயலும் குளமும் சூழ்ந்த ஊரில் பிறந்து, அரபுக் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்று, ஆசிரியர் தொழிலுக்கு வந்தவன். கிழக்கு மாகாணத்து வழக்கப்படி மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்குத்தான் குடிவருவார். அப்படித்தான் நானும் கிண்ணியாவுக்கு வந்தேன். மாமா மீன்பிடித் தொழில் செய்தவர். வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில், வலைத் துண்டுகளுக்கும் பழைய மிதவைகளுக்கும் நடுவே, சாக்கில் சுற்றிய ஒரு பொருள் வருடக்கணக்காகக் கிடந்தது. அது ஒரு பழைய தோணி என்ஜின். தோணியின் பின்பலகையில் மாட்டிக் கொளுவும் வகை.

'பிரிட்டிஷ் சீகல்' என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் 1931 இல் தொடங்கிய அந்த என்ஜின்களின் உற்பத்தி 1996 இல் நின்றுபோனது. எங்கள் வீட்டில் இருந்தது 'போர்ட்டி பிளஸ்' என்ற வகை. ஒரே சிலிண்டர், 64 கன சென்டிமீற்றர் கொள்ளளவு, ஏறத்தாழ 3 குதிரை வலு. பெற்றோல் தாங்கி பித்தளை. நடுத்தண்டு நீண்ட குழாய். அடியில் விசிறி. மேலே பிளைவீல் என்ற கனத்த சக்கரம் மூடியில்லாமல் வெளியே தெரியும். அதில் கயிற்றைச் சுற்றி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். நியூட்ரல் என்று ஒன்று கிடையாது. கிளம்பிய கணமே தோணியும் ஓடத் தொடங்கிவிடும்.

மாமா இதை 1970களில் பழையதாக வாங்கினாராம். பிறகு ஜப்பான் என்ஜின்கள் வந்தன. இன்று நம் கரைகளில் எங்கும் காணும் யமஹா 1960 இலும் சுசூகி 1965 இலும் தோணி என்ஜின் செய்யத் தொடங்கிய கம்பனிகள். மாமாவும் ஜப்பான் என்ஜினுக்கு மாறினார். சீகல் அவசரத்துக்கு உதவட்டும் என்று கொட்டில் வளையில் தொங்கியது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது கொட்டில் சரிந்து, என்ஜின் மணலுக்குள் புதைந்தது. தோணியும் புதிய என்ஜினும் போன இடம் தெரியவில்லை. பழையது மட்டும் கிடைத்தது. மாமா அதைத் தோண்டியெடுத்து, கிணற்று நீரால் கழுவி, எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்தார். அதைத் திறந்து பார்க்க அவருக்கு ஓய்வு கிடைக்கவேயில்லை. 2011 இல் அவர் மௌத்தாகிவிட்டார்.

2022 ஆம் ஆண்டின் கஷ்ட காலம் நினைவிருக்கும். அந்த ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜின்களை நம்பியிருந்த கடற்றொழிலாளர் வீடுகளில் அடுப்பு எரிவது குறைந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். பித்தளைத் தாங்கியைக் கண்ட ஒருவர் நல்ல விலை சொன்னார். வீட்டில் காசுத் தட்டுப்பாடு இருந்தது உண்மை. என் மனைவியின் மூத்த சகோதரர், "இது கிடந்து என்ன ஆகப்போகுது, குடுத்து விடுங்க" என்றார். மாமி வாசலுக்கு வந்து நின்று, "குடுக்கிற எண்டா நான் எப்பயோ குடுத்திருப்பன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரும்புக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு எங்கள் மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். பரீட்சை 2023 மே மாத இறுதியில் தொடங்கி ஜூனில் முடிந்தது. முடிவு வர அந்த ஆண்டின் இறுதியாகிவிட்டது. அந்த இடைவெளியில் வீட்டில் ஒரு பேச்சு வளர்ந்தது. உயர்தரத்தில் அவள் என்ன படிப்பது? 2013 இல் நம் நாட்டில் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. பொறியியல் தொழினுட்பம் அதில் ஒரு பாடம். மகள் அதைத்தான் கேட்டாள். மூத்த மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. "பொம்புளப் புள்ள ஸ்பெனர் புடிச்சி என்ன செய்யப் போறா? கலைப் பிரிவு எடுத்து டீச்சராகட்டும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மருமகளின் மீது உள்ள அக்கறையில் சொன்னார். ஆனால் அவருடைய சொல்லுக்கு எங்கள் வீட்டில் கனம் உண்டு. என் மனைவி இரண்டுக்கும் நடுவில் தவித்தாள். முடிவு வரட்டும், பார்க்கலாம் என்றேன்.

வீட்டில் சும்மா இருந்த அந்த மாதங்களில்தான் மகள் கொட்டிலுக்குள் போய்ச் சாக்கை அவிழ்த்தாள். "வாப்பா, இத ஓட வெக்க ஏலுமா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியாது. தெரிந்த ஒருவரிடம் போவோம் என்றேன்.

எங்கள் பகுதியில் தோணி என்ஜின் திருத்திப் பழுத்த ஒரு பாஸ் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கை நடுக்கத்தால் தொழிலை விட்டுவிட்டார். அவர் வந்து பார்த்தார். பிளைவீலைத் திருப்பினார், அசையவில்லை. உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. "இறுகினது செத்தது இல்ல, மௌலவி" என்றார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: "எந்தப் பெற்றோல் என்ஜினுக்கும் மூணு சாமான் வேணும். நெருப்பு, எண்ணெய், அமுக்கம். ஓடாத என்ஜினில இந்த மூணுல ஒண்டு இல்ல. எது இல்ல எண்டு தேடுறதுதான் வேல." அந்த மூன்றையும் அவள் ஒரு கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதினாள்.

இந்த இடத்தில் இவ்வகை என்ஜின் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். இதிலும் ஒரு பெண்ணின் பங்கு இருக்கிறது. தோணியின் பின்பக்கத்தில் மாட்டும் என்ஜினை அமெரிக்காவில் விற்பனைக்குச் செய்து வெற்றி கண்டவர் ஓல் எவின்ரூட். 1877 இல் நோர்வேயில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர். 1909 இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த என்ஜினுக்கு ஒன்றரைக் குதிரை வலு. அவருக்கு இரும்போடு பழகத் தெரியும், வியாபாரம் தெரியாது. கணக்கு, கடிதம், விளம்பரம் எல்லாவற்றையும் கவனித்தவர் அவருடைய மனைவி பெஸ். துடுப்பை விட்டெறியுங்கள் என்ற பொருளில் அவர் எழுதிய விளம்பரத்தால்தான் அந்த என்ஜின் நாடெங்கும் அறிமுகமானது. பெஸ்ஸின் உடல்நலம் குன்றியதால் 1914 இல் கம்பனியைக் கைமாற்றினார்கள். பின்னர் 1921 இல் எடை குறைந்த புதிய என்ஜினோடு மீண்டும் வந்தபோது அதற்கு 'எல்ட்டோ' என்று பெயர் சூட்டியவரும் பெஸ்தான். மகளுக்கு இதைச் சொன்னபோது, "இத மாமாட்ட சொல்லுங்க வாப்பா" என்றாள்.

என் மனைவி சில நிபந்தனைகளோடு இடம் தந்தாள். வேலை பின் விறாந்தையில்தான் நடக்க வேண்டும். பெற்றோல் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. எண்ணெய்த் துணியைத் தனி வாளியில் போட வேண்டும். நிபந்தனைகள் எல்லாம் நியாயமானவை. பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. அது தரையோடு தவழ்ந்து போய்த் தூரத்து நெருப்பையும் பற்றிக்கொள்ளும். ஆகவே பெற்றோல் தொட்ட வேலை எல்லாவற்றையும் முற்றத்து முருங்கை மரத்தடியில் வைத்துக்கொண்டோம்.

முதல் வேலை இறுகிய பிஸ்டனை அசைப்பது. இதற்குப் பலம் உதவாது, பொறுமைதான் உதவும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியாக மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் கலந்து ஊற்றினோம். காலையும் மாலையும் குறைந்த அளவுக்கு ஊற்றி, பிளைவீலை இரு பக்கமும் மெல்ல அசைத்துப் பார்ப்போம். அடித்தால் உடையும், நெம்பினால் வளையும் என்று பாஸ் எச்சரித்திருந்தார். ஒன்பது நாள் ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. பதினோராம் நாள் சுபஹுக்குப் பிறகு நான் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தபோது விறாந்தையிலிருந்து மகளின் சத்தம் வந்தது. பிளைவீல் ஒரு விரற்கடை அளவு திரும்பியிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு பாகமாகக் கழற்றினோம். கழற்றுவதை எவரும் செய்யலாம், திருப்பிப் பூட்டுவதில்தான் சோதனை. ஆகவே ஒரு முறை வகுத்தோம். எந்த ஆணியைக் கழற்றினாலும் கொப்பியில் அதற்கு ஓர் எண். அந்த எண்ணை எழுதிய காகிதத்தோடு, வீட்டில் சேர்ந்திருந்த ஐஸ்கிரீம் பெட்டிகளிலும் மார்ஜரின் டப்பாக்களிலும் வரிசையாக வைத்தோம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மகள் படம் வரைந்தாள். அரபு இலக்கணத்தில் 'சர்பு' என்று ஒரு கலை உண்டு. ஒரு சொல்லைப் பிரித்து அதன் மூல எழுத்து எது, கூடுதலாகச் சேர்ந்தது எது என்று காண்பது. பல வருடம் பிள்ளைகளுக்கு அதை நான் கற்பித்திருக்கிறேன். அதே ஒழுங்கு இரும்பு வேலைக்கும் போதுமானதாக இருந்தது.

புகைக் குழாயைக் கழற்றியபோது உள்ளிருந்து மணல் கொட்டியது. உப்பில் ஊறிக் கருத்துப்போன மணல். ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கும். மாமி வந்து பார்த்தார். விரலால் தொட்டு, "இது அண்டைய மண்ணு" என்றார். அந்த நாளில் எங்கள் ஊர் இழந்தவர்களில் அவருடைய தங்கையும் ஒருவர். நாங்கள் யாரும் பேசவில்லை. அவரே துடைப்பத்தை எடுத்து விறாந்தையைக் கூட்டினார்.

சிலிண்டரைக் கழற்றியதும் பிஸ்டனின் ரிங்குகள் கரியோடு ஒட்டிக் கிடப்பது தெரிந்தது. அமுக்கம் இல்லாததற்கு அதுதான் காரணம். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம். அது சிலிண்டர்ச் சுவரை ஒட்டி நின்று வாயுவைத் தப்பவிடாமல் காக்கும். ஒரு ரிங் கழற்றும்போதே முறிந்தது. கட்டாரில் வேலை செய்யும் உறவினர் ஒருவர், இங்கிலாந்தில் இன்னும் சீகல் பாகங்கள் விற்கும் இடத்திலிருந்து ரிங்கும் பிளக்கும் எடுப்பித்துத் தந்தார். இந்தப் பிளக் இன்றைய மோட்டார் சைக்கிள் பிளக்கைவிடப் பருமனானது, நம் கடைகளில் எளிதில் கிடைக்காது.

என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் ஓடும் பாதைகள் உப்பும் சுண்ணாம்பும் அடைத்துக் கல்லாகியிருந்தன. அதற்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அடுப்படியிலிருந்த வினாகிரியில் தண்ணீர் கலந்து ஊற்றிவைத்து, கம்பியால் கிளறி, மீண்டும் மீண்டும் கழுவினோம். அலுமினியப் பாகங்களுக்குக் காஸ்டிக் சோடா ஆகாது, அது அலுமினியத்தைத் தின்றுவிடும். பழைய கெஸ்கட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதன் தூசு நெஞ்சுக்கு ஆபத்து. ஆகவே அவற்றை உலர்ந்தபடி சுரண்டாமல், நன்றாக நனைத்துச் சுரண்டி, காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்தினோம்.

புதிய கெஸ்கட் வெட்டும் வேலை வந்தது. இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே காற்றும் எண்ணெயும் கசியாமல் வைக்கும் காகிதம் அது. கடையில் தாளாகத்தான் கிடைத்தது. நானும் மகளும் கத்தரிக்கோலோடு தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, தையல் மெஷினில் இருந்த என் மனைவி எழுந்து வந்தாள். தாளை இரும்பின் மேல் வைத்து, விரலால் விளிம்பை அழுத்தி அடையாளம் எடுத்து, சட்டைக் கழுத்து வெட்டுவதுபோல் ஒரே ஓட்டத்தில் வெட்டினாள். ஆணித் துவாரங்களுக்குக் கண் போடும் கருவியால் துளை போட்டாள். இரும்பில் வைத்தபோது மயிரிழை பிசகவில்லை. "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய்த் தைக்கத் தொடங்கினாள். அன்றிலிருந்து எண்ணெய் மணத்தைப் பற்றி அவள் முறையிடவில்லை.

பெற்றோலை அடைக்கும் திறப்பானில் ஒரு சிறு தக்கை இருந்தது. வருடக்கணக்காகக் காய்ந்து சுருங்கியதால் பெற்றோல் கசிந்தது. தக்கையை மட்டும் கழற்றி, நன்றாகக் கழுவி, கொதிநீரில் போட்டு வேகவைத்தால் ஊறிப் பருத்துவிடும் என்று பாஸ் சொன்னார். மாமி ஒரு சிறிய சட்டியில் அதை அவித்துத் தந்தார். கசிவு நின்றது.

அடுத்தது நெருப்பு. பிளைவீலுக்குள் காந்தம் இருக்கிறது. அது சுற்றும்போது கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 'பொயின்ட்' என்ற இரு சிறு முனைகள் சரியான கணத்தில் பிரியும்போது பிளக்கில் பொறி பாய்கிறது. பற்றரி எதுவும் தேவையில்லை. அந்த முனைகள் பிரியும் இடைவெளி 20 'தவ்', அதாவது அரை மில்லிமீற்றர் அளவு. பாஸின் கை நடுங்கியது. எனக்குக் கிட்டப் பார்வை மங்கல். மகள் அளவுத் தகட்டை இடையில் விட்டு, ஆணியை ஒரு நூல் அளவு திருப்பி, திரும்ப அளந்து, மறுபடி திருப்பி, அரை மணி நேரம் மூச்சடக்கி இருந்து சரிசெய்தாள். பொறி வந்தது. ஆனால் மஞ்சளாக, பலவீனமாக இருந்தது. பழைய கன்டென்சர் செயலிழந்துவிட்டது என்று பாஸ் கண்டுபிடித்து, மோட்டார் சைக்கிள் கன்டென்சர் ஒன்றைப் பொருத்தச் சொன்னார். அதன் பிறகு வந்த பொறி நீலமாக, சடக்கென்ற சத்தத்தோடு பாய்ந்தது. பாஸ் என் பக்கம் திரும்பி, "நாப்பது வருசம் பொடியன்மாருக்குப் பழக்கினன், மௌலவி. இப்பிடிக் கை ரெண்டு பேருக்குத்தான் பாத்திருக்கன்" என்றார். அவர் முகஸ்துதி பேசுகிறவர் அல்லர்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வகை என்ஜின்களில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி இல்லை. பெற்றோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். பழைய சீகலுக்கு 1 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் எண்ணெய் கேட்கும். இன்றைய என்ஜின்களோடு பார்த்தால் இது மிக அதிகம். ஆனால் அதன் பெயரிங்குகள் அந்த அளவுக்கே செய்யப்பட்டவை. குறைத்தால் தேய்ந்துவிடும். அடியிலுள்ள கியர்ப் பெட்டிக்கு 140 இலக்கக் கனத்த எண்ணெய்.

ஒக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, முற்றத்தில் பெரிய பீப்பாவில் தண்ணீர் நிரப்பி, விசிறியைக் கழற்றிவிட்டு என்ஜினை மாட்டினோம். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சூடேறிக் கெட்டுவிடும். மூடிய இடத்தில் ஓட்டினால் புகையே உயிரைக் குடிக்கும். சுற்றும் பிளைவீல் வெளியே இருப்பதால் மகள் முந்தானையை இறுகக் கட்டிக்கொண்டாள். சின்னவர்கள் எல்லோரையும் தூரத்தில் நிறுத்தினோம். கயிறு விடுபடும்போது சாட்டை போல் பின்னால் வீசும். பிஸ்மி சொல்லி இழுத்தேன். ஒன்றுமில்லை. நான் இழுத்தேன், மகள் இழுத்தாள், பக்கத்து வீட்டுத் தம்பி இழுத்தார். முப்பது நாற்பது தடவை ஆகியிருக்கும். மதிலுக்கு மேலாகப் பத்துத் தலைகள் பார்த்துக்கொண்டிருந்தன. மூத்த மச்சானும் வந்து நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் நின்றதே போதுமானதாக இருந்தது. நெருப்பு இருக்கிறது, அமுக்கம் இருக்கிறது. கொப்பியின் முதற்பக்கத்தை மகள் திறந்து பார்த்தாள்.

அப்போது மாமி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மருமகன், அந்தப் பித்தளப் பொத்தான அமத்துங்க. விரல்ல பெற்றோல் சொட்டுமட்டும் அமத்தோணும். காத்து மூடியச் சாத்துங்க. இந்தக் கம்பிய அரைவாசிக்கு இழுங்க" என்றார். எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் மகளின் கையிலிருந்த கயிற்றை வாங்கி, முடிச்சைப் பிளைவீலின் வெட்டில் கொளுவி, சரியாக ஒரு சுற்றுக்கு மேல் சுற்றி, மறுபடி அவள் கையிலேயே கொடுத்தார். "மெல்ல இழுத்து இறுக்கம் வாற எடத்தப் புடி. பொறகு ஒரே இழுவ."

இரண்டாவது இழுப்பில் என்ஜின் கிளம்பியது. நீலப் புகை முருங்கை மரத்தை மறைத்தது. பீப்பாத் தண்ணீர் நுரைத்தது. குளிர்க்கும் நீர் துவாரத்தின் வழியே பீறிட்டு வந்தது. காற்று மூடியைத் திறந்ததும் சத்தம் சீராகியது.

அன்று இரவுதான் மாமி எங்களுக்கு அந்தக் கதையைச் சொன்னார். கிண்ணியாப் பாலம் 2009 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அக்கரைக்குப் போகப் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவைதான் வழி. இரவில் பாதை கிடைக்காத நேரத்தில் எந்த வீட்டிலாவது பிரசவ வலி கண்டு, மருத்துவிச்சியால் முடியாது போனால், மாமாவைத்தான் தட்டி எழுப்புவார்கள். பிள்ளைத்தாய்ச்சியோடு ஒரு பெண் துணை போக வேண்டும். அந்தத் துணை மாமிதான். இருட்டில் மாமா தோணியைத் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுபோவார், பின்பலகையில் இருந்து என்ஜினைக் கிளப்புவது மாமியின் வேலை. எத்தனை இரவு என்று அவர் கணக்கு வைத்திருக்கவில்லை. ஊரார் யாருக்கும் இது தெரியாது. "அவர் சொல்லவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. சொன்னா என்ன கதைப்பாங்களோ எண்டு இருந்திட்டம்" என்றார்.

பிறகு மூத்த மகனின் பக்கம் திரும்பினார். "நீ பொறந்ததும் அந்தத் தோணியில அக்கரைக்குப் போய்த்தான். அண்டைக்கு என்ஜின் கிளப்பினதும் நான்தான், வலியோட" என்றார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். மாமி அத்தோடு நிறுத்தவில்லை. "புள்ள கேக்குறதப் படிக்க விடு" என்றார்.

சகோதரிகளே, அதற்கு மேல் அந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் விவாதம் நடக்கவில்லை. பரீட்சை முடிவு வந்தது. மகள் தொழினுட்பப் பிரிவில் சேர்ந்தாள். அந்தப் பிரிவு உள்ள பாடசாலைக்குப் பஸ்ஸில் போய்வர வேண்டும் என்ற கஷ்டம் உண்டு. முதல் நாள் அவளை அழைத்துக்கொண்டு போனவர் அவளுடைய மூத்த மாமா. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொழினுட்பவியல் பீடம் இருக்கிறது என்ற செய்தியையும் இப்போது எல்லோருக்கும் அவர்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என்ஜினை நாங்கள் தொழிலுக்குப் பயன்படுத்துவதில்லை. அது விடும் எண்ணெய் களப்புக்கு நல்லதல்ல. மாதம் ஒரு தடவை பீப்பாவில் ஐந்து நிமிடம் ஓட்டி, நல்ல தண்ணீரால் கழுவி, பெற்றோலை வடித்துவிட்டு வைக்கிறோம். கொப்பி மகளிடம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் இருவர் தங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பம்பைத் தாங்களே கழற்றிப் பூட்டினார்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய தையல் மெஷினோ, தண்ணீர்ப் பம்போ, மாமாவோ வாப்பாவோ விட்டுப்போன என்ஜினோ ஒரு மூலையில் கிடக்கலாம். இரும்புக்காரர் தராசை எடுக்கும் முன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டில் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் ஓடுவதானால் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள், பெற்றோலில் ஓடுவதானால் அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். கழற்றிய வரிசையை எழுதுங்கள். பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளை, பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். என்ஜின் ஓடாமல் போனாலும் நட்டமில்லை. யாருடைய கை எதற்குப் பொருத்தம் என்று தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கையைத் தடுக்காமல் இருப்பது பெரியவர்களாகிய நம் பொறுப்பு.